வளைவு வைத்த கதவுகள்

மாமனார் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. வாசல், ஜன்னல், கூடத்திலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போகும் வழி, எல்லாமே வளைவு. கரும்பழுப்பு மரக் கதவுகள், தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடி. சமையலறை மட்டும் தகர அலமாரிகளோடு எப்படியோ அவர் கையில் அகப்படாமல் தப்பித்திருந்தது. இப்போது அதற்கும் வேளை வந்துவிட்டது.

"நீ புழங்குற இடம். நீயே தேர்ந்தெடும்மா," என்றார் மருமகளிடம்.

அவளோ கிளம்பும் நினைப்பில் இருந்தாள். இந்த ஆண்டு தனி வீடு பார்த்துவிடலாம் என்று கணவன் சொல்லியிருந்தான். "அப்பாகிட்ட நானே பக்குவமா பேசுறேன். நீ வாயைத் திறக்காதே," என்றும் சொல்லியிருந்தான். மாமனார் கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டியிருப்பாள். அவரோ தங்கமான மனுஷர். அதுதான் கஷ்டம்.

மூவரும் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் பளபளக்கும் வெள்ளை அலமாரியைத் திறந்து காட்டினாள்.

"இது அந்த வீட்டுக்கு ஒட்டாது," என்றாள் மருமகள். எதையாவது சொல்லி நாளைத் தள்ளினால் போதும் அவளுக்கு.

அடுத்தது சாம்பல் நிறம், கைப்பிடியே இல்லை. "கூடத்தைப் பாத்துட்டு உள்ளே வந்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

மூன்றாவதில் மரம் பொருந்தியது. அதையும் விடவில்லை அவள். "கதவெல்லாம் நேர்கோடு. வளைவே இல்லையே மாமா."

மாமனாரின் முகம் மலர்ந்துவிட்டது. மகன் பக்கம் திரும்பினார். "அந்த வீட்டுலயே பொறந்து வளந்தியே, உனக்கு இது தோணிச்சாடா? இவளுக்குத்தான் என் வீடு புரிஞ்சிருக்கு."

"அப்ப தனியா செஞ்சுதான் தரணும் சார்," என்றாள் விற்பனைப் பெண். "இவங்க சொன்னபடியே வளைவு வச்சு, மேல கண்ணாடி போட்டுடலாம். இருபது வருஷம் அசையாது."

இருபது வருஷம். அவள் கணவனைத் தேடினாள். காட்சிக்கு வைத்த, தண்ணீர் வராத குழாய் ஒன்றைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அளவெடுக்கத் தச்சர் வீட்டுக்கு வந்தார். "சமைக்கிற மாதிரி நின்னு முழங்கையை மடக்குங்கம்மா. மேடை உங்க உயரத்துக்கு வரணும்."

அவள் கையை மடக்கவில்லை. "என் அளவுக்கு வேண்டாம்."

"ஏம்மா?" என்றார் மாமனார்.

"நாங்க தனியா போகலாம்னு இருக்கோம் மாமா. இந்த வருஷமே."

தச்சர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். மாமனார் கோபப்படவில்லை. மகனைத்தான் பார்த்தார். "அப்படியாப்பா?"

கணவனின் காது மடல் சிவந்தது. "அது... சும்மா பேச்சுக்குச் சொன்னதுப்பா. இப்போதைக்கு அப்படி ஒண்ணும் இல்ல."

மாமனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பயமுறுத்திட்டியேம்மா," என்று சிரித்தார். "நீங்க அளவெடுங்க."

தச்சர் தயங்கி அவள் முகத்தைப் பார்த்தார். மாமனார் அந்தச் சிரிப்பு மாறாமல் காத்திருந்தார். அவள் முழங்கையை மடக்கினாள்.

அதன்பின் வெகுநாள் கணவனோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அலமாரிகள் வந்து சேர்ந்தன. "எல்லாம் மருமக தேர்வு," என்று மாமனார் வருகிறவர்களையெல்லாம் சமையலறைக்கு அழைத்துப் போனார். அவர்கள் வளைவுகளைத் தடவிப் பார்த்து மெச்சினார்கள். அவள் மேடையோரம் நின்று வெங்காயம் நறுக்கினாள். குனிய வேண்டியிருக்கவில்லை, தோள் வலிக்கவில்லை. குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.