செம்பருத்திக்குக் கறுப்பு ஓரம்

நீர்வண்ண ஓவியத்தைத் தண்ணீரிடமிருந்து விடுவித்தவன் விலிகேசா என்று வரலாறு சொல்லும். சுவா என்ற தீவு நகரத்தின் துணி அச்சுக்கூடத்தில் அன்று காலை அவனே இதை அறிவித்தான். சிரிக்கக்கூட இல்லை.

"நிறம் கலக்கறது, ஓரம் கசியறது, எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் இருக்கு. இவங்க என்னடான்னா ஈரத்தாளுக்கு முன்னால தவம் கிடக்கிறாங்க."

'இவங்க' என்பது பக்கத்து மேசையில் வேறொரு துணிக்குப் பூ வரைந்துகொண்டிருந்த கெலேரா. "சொல்லி முடிச்சாச்சா? வெளிச்சத்தை விட்டு நகரு," என்றாள்.

சனிக்கிழமை ஒரு கல்யாணம். பெண் வீட்டார் அத்தனை பேரும் ஒரே பூத்துணி உடுத்த வேண்டும். அது விலிகேசாவின் பொறுப்பு. இந்த வேலை எதிர்க்கடைக்குப் போனால் நீயும் கூடவே போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மதியம் பெண்ணின் அத்தை லோசலினி மாதிரி பார்க்க வந்தாள். அவன் துணியை விரித்தான். கணினித் திரையில் மெல்லிய நிழலாகத் தெரிந்த இதழோரம், பருத்தியில் மை ஊறித் தடித்துக் கறுத்திருந்தது. துணி நிறையச் செம்பருத்தி; எல்லாவற்றுக்கும் அச்சுப்பிசகாமல் அதே கறுப்பு விளிம்பு.

லோசலினி துணியைத் தொடவில்லை. "யாரு தம்பி செத்தது?"

"அக்கா, இது நீர்வண்ண பாணி..."

"எங்க மாமா சாவுக்கு இப்படித்தான் உடுத்தினோம். அவருகூட இதைவிடக் களையா இருந்தாரு." குடையை எடுத்தாள். "மீன் வாங்கிட்டு வரேன். அப்பவும் இதேதான்னா எதிர்க்கடைக்குப் போயிடுவேன்."

விலிகேசா கணினியில் விளிம்பைக் குறைத்தான். பூ துவைத்தும் போகாத கறை மாதிரி ஆனது. கூட்டினான், கருமாதி திரும்பி வந்தது.

ஓரக்கண்ணால் கெலேராவின் தாளைப் பார்த்தான். ஒரே இதழில் ஒரு பக்கம் நிறம் தேங்கிச் சிவப்புக் கோடாக நின்றது. மறுபக்கம் ஓரமே இல்லாமல் வெள்ளையில் கரைந்திருந்தது. அவன் பட்டனுக்கு இந்தப் பாரபட்சம் தெரியாது.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப அந்தப் பிரஷ்ஷை ஏன் கையில வெச்சிருக்க?"

தூரிகையை நனைத்தான். வெளியே மழை; காற்றில் அவ்வளவு ஈரம். காய்ந்தால்தான் படமெடுத்து இயந்திரத்துக்கு அனுப்ப முடியும். முதல் பூவை அவசரப்பட்டு மின்விசிறிக்கு அடியில் வைத்தான். நிறம் தாறுமாறாக ஓடியது. இரண்டாவதை வரைந்தபின் தொடவே இல்லை.

வாசலில் குடை மடங்கும் சத்தம்.

"கொஞ்சம் உக்காருங்க அக்கா," என்றான், தலை தூக்காமல். "இன்னும் காயல."

லோசலினி மீன் பையைக் கீழே வைத்தாள். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

விலிகேசா ஈரத்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.