எட்டாயிரத்தில் ஒன்று

ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில், இந்துமதி மத்தியானச் சோத்துக்கு உட்காரும்போதுதான் தையல்காரி ராமுத்தாய் வாயைத் திறந்தாள். "முந்தாநேத்து ஊசி ஒடைஞ்சிருச்சுக்கா. நுனியக் காணோம். வைவாகளேன்னு மறைச்சுட்டேன்."

தைத்ததோ கைக்குழந்தைச் சட்டை. எதில் அந்த நுனி கிடக்கிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். எட்டாயிரம் சட்டையும் பெட்டிக்குள் போய் டேப் ஒட்டியாயிற்று. துணிக்குள் ஊசி கிடந்தால் காட்டிக்கொடுக்கிற மெஷின் ரிப்பேருக்குப் போன நேரத்தில் இப்படியொரு வினை!

குவாலிட்டிக்குப் பொறுப்பு இந்துமதிதான். முதலாளி மகுடேஸ்வரனிடம் ஓடிச் சொன்னாள். யார் கையால் என்று மட்டும் சொல்லவில்லை. "பக்கத்துக் கம்பெனி மெஷின்ல ஒருக்கா ஓட்டிரலாங்க."

"வெளையாடறீங்களா? கப்பல் போயிருமுங்க. அதான் இன்ஸ்பெக்சன் நடக்குதில்லீங்க, அவரு பாஸ் பண்ணட்டும்."

அட, என்ன மனுசன் இவர்! சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சோதிக்க அனுப்பிய ஞானசம்பந்தம் எட்டாயிரத்திலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக இருநூறை உருவிப் பார்க்கிறார். பத்துப் பழுது வரை பாஸ், பதினொன்று என்றால் மொத்தமும் ஃபெயில், எல்லாப் பெட்டியையும் பிரித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சரக்கு எப்படி என்று அந்த இருநூறு சொல்லிவிடும். ஊசி எங்கே என்று எப்படிச் சொல்லும்? அந்த ஒரு சட்டை அவர் கைக்கு வந்தால்தானே!

ஞானசம்பந்தத்திடம் உள்ளதைச் சொன்னால் ஆர்டரே போய்விடும், அத்தனை பேர் பிழைப்பும் போகும். சொல்லாவிட்டால்? ஏதோ ஒரு கைக்குழந்தையின் உடம்பில் அந்த நுனி குத்தும்.

ஞானசம்பந்தம் அதுவரை ஏழு பழுது எழுதியிருந்தார். போன் வந்து வெளியே போனார். இன்னும் பார்க்காத சட்டைகள் மேசையில் கிடந்தன. இந்துமதி நூல் வெட்டும் கத்திரியை எடுத்தாள். பார்த்துப் பார்த்துப் பெட்டியில் போட்ட சரக்கில், பாவி, தன் கையாலேயே நாலு சட்டையில் ஓட்டை போட்டாள்.

அவர் திரும்பி வந்து மிச்சத்தையும் பார்த்தபோது மொத்தம் பதினொன்று. ஃபெயில். "எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டுக் கூப்பிடுங்க" என்று ஞானசம்பந்தம் கிளம்பிவிட்டார்.

மகுடேஸ்வரன் ஓட்டையை நெருடிப் பார்த்தார், கத்திரி வெட்டு. பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்களா வெட்டுனீங்க?"

"ஆமாங்க."

"எட்டாயிரத்துல ஒண்ணே ஒண்ணுக்காக எங்குடியக் கெடுத்துட்டீங்களே!"

"அதப் போடற கொழந்தைக்கு எட்டாயிரமெல்லாம் இல்லீங்க. அந்த ஒண்ணுதானுங்க."

"நாளைலருந்து வராதீங்க."

"வரலீங்க. பெட்டியெல்லாம் மெஷினுக்கு அனுப்புவீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

அவர் ஓட்டைச் சட்டையை மேசையில் வீசிவிட்டுப் போய்விட்டார். வேலை போனவள் வீட்டுக்குப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து முதல் பெட்டியைக் கிழித்து, சட்டை சட்டையாக எடுத்துத் தையலெல்லாம் விரலால் அழுத்திப் பார்த்தாள். ஆளாளுக்கு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ராமுத்தாய் அழுதுகொண்டே வந்து அடுத்த பெட்டியை இழுத்தாள்.