அச்சில் வராத எட்டு வரிகள்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரிண்டரிலிருந்து சூடாக வந்த காகிதக் கட்டைத் தட்டிச் சீராக்கியபோது, அதில் ஒரு பக்கம் குறைவதைச் சண்முகவடிவு கவனித்தாள். போன வாரம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். இப்போது இருநூற்றுப் பதின்மூன்று. நடுவில் யாரும் எதையும் நீக்கச் சொல்லவில்லை.

1999, அக்டோபர். தி. நகரில் வெங்கட்நாராயணா ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஜவுளிக் கிடங்குக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. மொத்தம் இருபத்திரண்டு பேர். ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்காக அவர்கள் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம், குழந்தையின் எடையைக் கொடுத்தால் எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லும். அந்தப் புரோகிராமின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் புத்தகமாகக் கேட்டிருந்தது மருத்துவமனை. அந்தப் புத்தகம்தான் வடிவின் வேலை.

புத்தகத்தை அவள் உட்கார்ந்து எழுதவில்லை. புரோகிராம் எழுதுபவர்கள் வரிகளுக்கு நடுவே தங்களுக்காகக் குறிப்பு எழுதி வைப்பார்கள். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் குறிப்பை ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரமும் போட்டுத் தொடங்கினால், இன்டர்நெட்டிலிருந்து புரோகிராமர் நிரஞ்சன் இறக்கி வைத்திருந்த ஒரு டூல் அதைப் பொறுக்கியெடுத்துப் பக்கமாக்கும். குறிப்புக்குள் ‘@’ போட்டு வரும் சொற்கள் அந்த டூலுக்கான கட்டளைகள். ‘பாராம்’ என்றால் உள்ளே போவது இன்னது; ‘ரிட்டர்ன்’ என்றால் வெளியே வருவது இன்னது; ‘வார்னிங்’ என்றால் தடித்த எழுத்தில் எச்சரிக்கை. புரோகிராமர்களுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. நாலு மாதமாக ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து கட்டளைகளைப் போட்டுவந்தவள் வடிவுதான்.

பழைய கட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் புரட்டினாள். எண்பத்தேழாம் பக்கத்தில் வித்தியாசம் தெரிந்தது. எடையை வைத்து மருந்தளவைக் கணக்கிடும் இடம் அது. அங்கே தடித்த எழுத்தில் இருந்த எச்சரிக்கை இல்லை. கீழே, வரும் விடை மில்லிகிராமில் இருக்கும் என்று சொல்லும் ‘ரிட்டர்ன்’ வரியும் இல்லை.

ஃபைலைத் திறந்தாள். எச்சரிக்கை எட்டு வரியும் அப்படியே இருந்தது. மூன்று கிலோவுக்குக் குறைந்த எடைக்கு இந்தக் கணக்கு இன்னும் சோதிக்கப்படவில்லை, சோதனை முடியும்வரை இதை நம்பக் கூடாது என்று நிரஞ்சன் ஜூலையில் எழுதியது. அதன் தலைமாட்டில் மட்டும் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. ‘@’ போட்டு, ‘இன்டர்னல்’.

இதற்குப் பின்னால் வருவது நமக்கு மட்டும், புத்தகத்தில் சேர்க்காதே என்று அர்த்தம்.

வடிவு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கை தவறி விழுகிற சொல் இல்லை இது. வேண்டாமென்றால் எட்டு வரியையும் அழித்துவிட்டுப் போயிருக்கலாமே. அழித்தால் இந்த ஃபைலைத் தினமும் திறக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். இப்படிச் செய்தால் ஆபீஸில் இருப்பவர்கள் கண்ணுக்கு எச்சரிக்கை இருந்துகொண்டே இருக்கும். மருத்துவமனைக்காரர்கள் கண்ணுக்கு மட்டும் இருக்காது. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு கம்ப்யூட்டரில் இருக்கும். பார்த்தாள். நிரஞ்சன். வியாழக்கிழமை காலை பதினொன்று இருபது.

நிரஞ்சனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் ராமானுஜத்துக்கு மட்டும் தெரியாது என்று நிரஞ்சன் நம்பிக்கொண்டிருந்தான். வடிவு அவன் மேஜைக்குப் போனாள். அவளைக் கண்டதும் அவன் ஏதோ காகிதத்தை டிராயருக்குள் தள்ளி மூடினான்.

"நேத்து காலைல மருந்து கணக்கு ஃபைல்ல ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லையே."

"பதினொன்னு இருபதுக்கு உங்க பேர்ல மாத்தம் பதிவாகியிருக்கு."

அவன் கண் ஒரு நொடி ராமானுஜத்தின் கண்ணாடி அறைப் பக்கம் போய்வந்தது. "அப்ப... மாத்தியிருப்பேன். இங்கதான உக்காந்துக்கினு இருந்தேன். எத்தனை ஃபைல் தொடறோம், எல்லாம் ஞாபகம் இருக்குமா?"

பொய். நேற்றுக் காலை ராமானுஜம் இரண்டு முறை வெளியே வந்து "நிரஞ்சன் எங்கே?" என்று கேட்டது வடிவின் காதில் இன்னும் இருந்தது. அந்த நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. இல்லாதவன் ஏன் இருந்ததாகச் சொல்கிறான்?

சாயங்காலம் பன்னிரண்டு பி பஸ்ஸில் ஸ்ரீலக்ஷ்மியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். புரோகிராமைச் சோதித்துப் பார்ப்பது ஸ்ரீலக்ஷ்மியின் வேலை. இரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாடும் பஸ்ஸும் இருவருக்கும் ஒன்றாகத்தான். ஸ்ரீலக்ஷ்மி லஸ்ஸில் இறங்குவாள். வடிவு ராஜா அண்ணாமலைபுரம் போக வேண்டும்.

"அவன் போறவன்டி," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, கம்பியைப் பிடித்தபடி. "போறச்சே பின்னாடி ஒரு வம்பும் வேண்டாம்னு மூடிட்டிருப்பான். நீ ஏன் தலையைக் குடுக்கறே? திங்கட்கிழமை டெலிவரி. சார் குதிச்சுண்டு இருக்கார்."

"மூணு கிலோவுக்குக் கீழன்னா பச்சப் புள்ளைங்க, ஸ்ரீ. குறை மாசத்துல பொறந்தது."

"அதான் டெஸ்ட் பண்ணியாச்சே. நாப்பது டெஸ்ட்டும் பாஸ்னு ஷீட்டுல நானே எழுதியிருக்கேன். அப்பறம் அந்த வார்னிங் இருந்தா என்ன, போனா என்ன?"

"டெஸ்ட் முடிஞ்சா அத எடுத்திருக்கணும்ல. ஏன் மறைக்கணும்?"

ஸ்ரீலக்ஷ்மி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கென்ன தெரியும்? அப்படியே விட்டுடு. நான் சொல்றதைக் கேளு."

லஸ் வந்ததும் இறங்கிப் போனாள். வழக்கமாகக் கீழே நின்று கையாட்டுவாள். அன்று ஆட்டவில்லை. கூட்டம் தள்ளியிருக்கும் என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவள் படியேறும்போது நிரஞ்சன் முதல் மாடித் திருப்பத்தில் காத்திருந்தான்.

"நேத்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்," என்றான் நேரடியாக. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். விசா நேர்காணலுக்கான கடிதம். வியாழக்கிழமை, காலை பத்து மணி. "வெளிய வரும்போது ஒரு மணி. சார்கிட்ட இன்னும் சொல்லல. அதனாலதான் சீட்ல இருந்தேன்னு சொன்னேன். ஆனா அந்த வார்னிங்க நான் எதுக்குங்க மறைக்கணும்? எழுதினதே நான்தானே. டெஸ்ட் ரிசல்ட்டோட பிரிண்ட்அவுட்ட கண்ணால பாத்தாத்தான் எடுப்பேன்னு சொல்லி வச்சிருக்கேன். மூணு வாரமா கேட்டுக்கினு இருக்கேன், இன்னும் வரல."

"உங்க கம்ப்யூட்டர்ல வேற யாரு உக்காருவாங்க?"

"யாரு வேணா உக்காரலாம். நான் பூட்டறதே இல்ல."

அவன் மேலே போனபிறகு வடிவு படியிலேயே நின்றாள். சந்தேகம் இடம் மாறிக்கொண்டது. புதன்கிழமை ராமானுஜம் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "நம்ம குறையை நாமே தடி எழுத்துல போட்டுண்டு நிக்கணுமாம்மா?" என்று கேட்டிருந்தார். வழவழப்பான குரலில்தான் கேட்டார். அவர் கேட்டால் யார் வேண்டுமானாலும் செய்து கொடுத்திருப்பார்கள். அவரே செய்யவும் தெரிந்தவர்தான்.

இருக்கையில் உட்கார்ந்து, புத்தகத்தை உருவாக்கும்போது டூல் துப்பும் புகார்ப் பட்டியலைத் திறந்தாள். நூற்றுக்கணக்கில் வரும்; அங்கே எழுத்துப்பிழை, இங்கே பெயர் இல்லை என்று. யாரும் படிப்பதில்லை, அவளும்தான். இன்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பாதியில் ஒன்று கண்ணில் பட்டது. மருந்து கணக்கு ஃபைல், முந்நூற்றுப் பதினோராவது வரி: ‘எண்ட்இன்டர்னல்’ என்று ஒரு கட்டளை எனக்குத் தெரியாது.

போய்ப் பார்த்தாள். எட்டு வரி முடியும் இடத்தில் அது இருந்தது. தலைமாட்டு வரியைப் பார்த்த அவசரத்தில் நேற்று கால்மாட்டைப் பார்க்கவில்லை. மறைத்தவர், இதோடு மறைப்பு முடிந்தது என்று மூடி போட்டிருக்கிறார். டூலுக்கோ அப்படி ஒரு மூடியே கிடையாது. அதனால்தான் கீழே இருந்த ‘ரிட்டர்ன்’ வரியையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

இல்லாத ஒரு கட்டளை இருக்கிறது என்று யார் நினைப்பார்கள்?

அவளே நினைத்திருந்தாள். ஜூன் மாதம், இந்தப் புத்தக வேலையைக் கற்றுக்கொண்ட புதிதில், முக்கியமான பன்னிரண்டு கட்டளைகளைத் தன் கையால் ஒரு தாளில் எழுதினாள். மற்ற சிலவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் ஜோடியாக இருந்ததால் இதற்கும் இருக்கும் என்று ‘எண்ட்இன்டர்னல்’ என்று சேர்த்துக்கொண்டாள். பத்து நாளில் தவறு தெரிந்து தன் தாளில் அடித்துவிட்டாள். அதற்கு முன் ஒரே ஒரு நகல் எடுத்திருந்தாள். "எனக்கும் ஒண்ணு குடுடி, நானும் கத்துக்கறேன்" என்று தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டே கேட்டவளுக்கு.

வடிவு எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து அதே வரியை மறுபடி படித்தாள். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். நேற்று பஸ்ஸில் கேட்ட ஒவ்வொரு சொல்லும் இப்போது வேறு முகத்தோடு வந்து நின்றது. அப்படியே விட்டுடு. நான் சொல்றதைக் கேளு.

ஸ்ரீலக்ஷ்மியின் மேஜை ஜன்னல் ஓரத்தில். வடிவு பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாப்பது டெஸ்ட்டும் எந்தத் தேதில பண்ணின?"

"ஷீட்டுல இருக்கே."

"ஷீட்ட கேக்கல. பிரிண்ட்அவுட் எங்க?"

ஸ்ரீலக்ஷ்மி மவுஸை மேஜையில் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு அதை விட்டுவிட்டாள்.

"பண்ணலை," என்றாள். "அந்த வாரம் முழுக்க மாப்பிள்ளை ஆத்துலேர்ந்து வந்துண்டே இருந்தா. நிச்சயதார்த்தப் புடவை, முகூர்த்தப் புடவைன்னு தினம் மத்தியானம் என்னைப் பாண்டி பஜாருக்குக் கூப்டா. மாட்டேன்னு சொல்ல முடியுமா? பெரிய எடையெல்லாம் சரியா வந்துது, சின்னதும் வரும்னு டிக் அடிச்சேன். அப்பறம் பண்ணிக்கலாம்னுதான் இருந்தேன், வடிவு. சத்தியமா."

"நிரஞ்சன் பேர்ல மாத்தியிருக்க."

"அது புத்தகத்துல போனா டெஸ்ட் ரிசல்ட் எங்கேன்னு ஆஸ்பத்திரில கேப்பா. அவன் கம்ப்யூட்டர் திறந்து கெடந்துது. அவன்தான் போயிடப் போறானே."

இதைச் சொன்னபோது அவள் குரலில் வருத்தம் இல்லை, கணக்குதான் இருந்தது. வடிவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"எழுந்திரு," என்றாள். "இப்பப் பண்ணுவோம், நாப்பதும்."

சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். எல்லோரும் போனபிறகும் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஸ்ரீலக்ஷ்மி எடையைத் தட்ட, வடிவு கால்குலேட்டரில் சரிபார்த்தாள். முதல் பதினாறு சரியாக வந்தது. ஸ்ரீலக்ஷ்மி மூச்சை விட்டு, "பாத்தியா," என்றாள்.

பதினேழாவது ஒரு கிலோ ஐம்பது கிராம் குழந்தை. திரையில் வந்த அளவு அதிகமாக இருந்தது. வடிவு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

மூன்று கிலோவுக்குக் கீழே மட்டும் கிலோவுக்கு ஒரு கட்டம், கிராமுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருந்தது. புரோகிராம் இரண்டையும் நடுவில் ஒரு புள்ளி வைத்து ஒட்டியது. ஒன்று, புள்ளி, ஐம்பது. ஒரு கிலோ ஐம்பது கிராம் குழந்தையை ஒன்றரைக் கிலோவாக எடுத்துக்கொண்டது. கிராம் கட்டத்தில் நூறுக்குக் குறைவாக வந்த ஆறு சோதனைகளிலும் இதே கதை.

கீழே கிடங்கில் யாரோ மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. ஸ்ரீலக்ஷ்மி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நிரஞ்சன்ட்ட சொன்னா பத்து நிமிஷத்துல சரி பண்ணிடுவான்," என்றாள் கடைசியில். "பண்ணினதுக்கப்பறம் யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்லை. என் பேர் வேண்டாம் வடிவு. அடுத்த மாசம் கல்யாணம். அவாத்துல தெரிஞ்சா..."

"அந்த மாத்தம் அவர் பேர்ல இருக்கு, ஸ்ரீ. நாளைக்கு யாராவது தோண்டினா அவர்தான மறைச்சதா ஆகும்?"

"அப்ப என்னைக் காட்டிக் குடுக்கப் போறே."

வடிவு பையை எடுத்துக்கொண்டாள். அன்று இருவரும் வேறு வேறு பஸ்ஸில் போனார்கள். ஞாயிறு முழுவதும் அவள் தொலைபேசியை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, யாரிடமும் பேசவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ராமானுஜத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தன் கைப்பட எழுதிய தாளையும் மேஜையில் வைத்தாள். அவர் கடைசிவரை கேட்டார். மருத்துவமனைக்கு போன் போட்டு, ஒரு பிழை கண்டுபிடித்திருக்கிறோம், இரண்டு வாரம் வேண்டும் என்று அவள் எதிரிலேயே சொன்னார். அவரைச் சந்தேகித்ததை நினைத்து வடிவுக்கு வெட்கமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு அவர் அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்தத் தப்பு உங்க கையெழுத்துல இருக்கும்மா," என்றார். "நிரஞ்சன் கம்ப்யூட்டர்ல நீங்களும்தான் உக்காருவீங்க. நீங்க பண்ணலைன்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. மூன்று நாளாக அவள் மற்றவர்களைப் பார்த்த அதே கண்ணால்தான் அவளைப் பார்த்தார்.

ஸ்ரீலக்ஷ்மியைக் கூப்பிட்டார்கள். அவள் மறுத்திருக்கலாம். வடிவின் முகத்தைப் பார்க்காமல், "நான்தான் சார்," என்றாள். அன்று மத்தியானமே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் திருமணம் என்று இருந்தது. ராமானுஜம் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

நிரஞ்சன் பிழையைத் திருத்தினான். நாற்பது சோதனையையும் வடிவு இரண்டு முறை ஓட்டி, பிரிண்ட்அவுட்டை அவன் மேஜையில் வைத்தாள். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். "முதல்ல என்னைத்தான சந்தேகப்பட்டீங்க," என்றான் தலை நிமிராமல். ஆமாம் என்றாள். அவன் அடுத்த தாளைப் புரட்டினான். டிசம்பரில் கிளம்பும்போது எல்லோரிடமும் விடைபெற்றான்; அவளிடமும்தான், மற்றவர்களிடம் சொன்ன அதே வார்த்தையில்.

கல்யாணம் நவம்பர் கடைசியில், மயிலாப்பூரில். அழைப்பிதழ் ஆபீஸுக்குப் பொதுவாக வந்திருந்தது. போகலாமா வேண்டாமா என்று வடிவு இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனாள். வரிசையில் நின்று மேடை ஏறினாள். ஸ்ரீலக்ஷ்மி அரக்குப் புடவையில், நெற்றியில் வியர்வையோடு நின்றிருந்தாள். வடிவைப் பார்த்ததும் சிரிப்பு ஒரு கணம் நின்று, பிறகு மறுபடி வந்தது.

"என்னோட ஆபீஸ்ல இருந்தா," என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை. பரிசுப் பொட்டலத்தை வாங்கிப் பின்னால் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இப்ப டெஸ்டிங் யாரு பண்றா?" என்று கேட்டாள்.

"நான்தான்."

ஸ்ரீலக்ஷ்மி தலையை ஆட்டினாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள்.

"சாப்டுட்டுப் போ," என்றாள்.

வடிவு கீழே இறங்கிப் பந்திக்குப் போய், தெரியாத இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டாள்.