அடுத்த வருடத்து டவுன் பஸ்

கச்சிராயபாளையம் தனசேகரனின் மகள் ஷாலினி ஒரு பங்குனி மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை. காரியம் முடிந்து பந்தல் பிரிக்க வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தபோது, அவள் டிவிக்குக் கீழே தன் வழக்கமான இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக் கட்டைகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பந்தல்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூங்கிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர் கல்யாணத்துக்குப் போனார்கள். அம்மா மலர்விழி அருகில் போய் உட்கார்ந்து, ஏன் கண்ணு போகவில்லை என்று கேட்டாள். அடுத்த வருடம் டவுன் பஸ் பெட்டி வருகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள் ஷாலினி. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அதன் பிறகும் ஒன்பதுதான். ரேஷன் கார்டில் பெயரைத் திரும்பச் சேர்க்கலாமா என்று கேட்கப்போன தனசேகரனிடம், செத்தவர்களை நீக்குவதற்கு வழி இருக்கிறது, செத்தும் இருப்பவர்களுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஊர் அத்துடன் அந்த விஷயத்தை விட்டுவிட்டது. கரும்பு வெட்டு நேரம். உயிரோடு இருக்கும் ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

டவுன் பஸ் பெட்டி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று சொருகி வீடு, கப்பல், கோட்டை எல்லாம் கட்டுகிற கட்டைகளைச் செய்து விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இருக்கிறது. வருடம் பிறந்ததும் புதுப் பெட்டிகள் இன்னின்னவை என்று அது அறிவிக்கும். மிச்ச மாதங்களில், அடுத்த வருடம் என்ன வரும் என்று உலகம் முழுக்க வளர்ந்த ஆட்கள் கணித்துக்கொண்டிருப்பார்கள். கோட்டை வரிசை திரும்புமா, கடற்கொள்ளையர் வருவார்களா, எந்த சினிமாவுக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள் என்று பேசித் தீராது. இந்த உலகப் பணியில் கச்சிராயபாளையம் பின்தங்கிவிடக் கூடாது என்று, பஸ் நிறுத்தத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் தமிழழகன் ஒரு ரசிகர் மன்றம் தொடங்கினான். அதில் பதவி இல்லாத உறுப்பினர் கிடையாது. பெட்டி வைத்திருந்த உறுப்பினரும் கிடையாது, ஷாலினியைத் தவிர. அவளிடம் இருந்ததும் தாய்மாமன் சிவசங்கர் துபாயிலிருந்து வாங்கிவந்த ஒரு சின்னத் தீயணைப்பு வண்டிதான். மற்றவர்கள் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. பெட்டி உள்ளவன் கட்டிவிட்டுப் போய்விடுவான், இல்லாதவன்தான் ஆராய்வான் என்பது தமிழழகனின் கொள்கை. தமிழ் நடிகர் ஒருவரின் படத்துக்கு லைசென்ஸ் வாங்கினால் அவருடைய மீசை, பெட்டிக்குள் வரும் குட்டி மஞ்சள் பொம்மை ஆளின் முகத்தில் அடங்குமா என்று ஒரு கோடை முழுக்க விவாதித்து, மன்றம் இரண்டாக உடைந்து, ஆடி மாதக் கூழுக்கு மறுபடி ஒன்று சேர்ந்தது.

ஷாலினி உயிரோடு இருந்தபோதே மன்றத்தில் தன் கணிப்பைச் சொல்லியிருந்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து மலையடிவாரம் வரை போய்த் திரும்பும் டவுன் பஸ் பெட்டியாக வரும். முகப்பு ரோஸ் கலர். பின்படிக்கட்டுக் கதவு ஒரு கீலில் மட்டும் தொங்கும். கண்டக்டர் வாயில் விசில், கடைசி சீட்டில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை, மூட்டை மேல் கால் கட்டிய கோழி. கோழிதான் அந்தப் பெட்டியின் விசேஷம், அதற்காகவே எல்லா நாட்டுக்காரர்களும் வாங்குவார்கள் என்றாள். தமிழழகன் கண்ணை மூடி யோசித்து, கம்பெனிக்காரன் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கேட்டு எந்த ஆபீஸ் ஜன்னலில் போய் நிற்பான் என்று கேட்டு அதைத் தள்ளுபடி செய்தான். அவள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். தனசேகரன் அப்போது கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பொம்மையப் பத்திப் பேசிக்கினு இருந்தா மார்க்கு வருமா பாப்பா?" என்றார். அவள் உயிரோடு இருந்தவரை அந்தக் கட்டைகளைப் பற்றி அவர் அவளிடம் பேசியது அவ்வளவுதான்.

அவள் செத்த பிறகு, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லாததால் அவர் மன்றத்தில் சேர்ந்தார். வரப்பில் நின்றுகொண்டு வெளிநாட்டு ரசிகர்களின் சண்டைகளைப் போனில் மொழிபெயர்த்துப் படித்தார். மாலையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்து அன்றைய வதந்திகளை ஒப்பித்தார். விண்வெளி வரிசை உறுதியாம். ஒரு மந்திரவாதிப் படத்தின் லைசென்ஸ் முடிகிறதாம். பண்ணை வீடு என்றாவது வருமாம், மாட்டுக்குப் புது அச்சாம். அவள் குறுக்குக் கேள்வி கேட்டாள்: மாட்டின் கொம்பைக் கழற்ற முடியுமா, முடிந்தால் பொங்கலுக்குக் கழற்றி வைத்து நன்றாகப் பெயிண்ட் அடிக்கலாமே. உயிரோடு இருந்த காலம் முழுக்க அப்பாவிடம் பேசியதைவிட அந்த ஒரு வருடத்தில் அவள் அதிகம் பேசினாள். டவுன் பஸ் வந்துவிட வேண்டும் என்றுதான் அவரும் முதலில் வேண்டிக்கொண்டார். மார்கழியில் ஒரு நாள் தமிழழகன், இந்தியப் பேருந்து ஒன்று வரப்போவதாக நம்பத்தகுந்த வட்டாரம் தெரிவிக்கிறது என்று அறிவித்தான். வட்டாரம் அவனுடைய மைத்துனன்தான். ஆனாலும் தனசேகரன் அன்று வதந்தி ஒப்பிக்காமல் வயலுக்குக் கிளம்பிவிட்டார். பஸ் வந்தால் அவள் போய்விடுவாள். அந்த நிமிடம் வரை அது அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து அவர் வராது என்று சொல்ல ஆரம்பித்தார். லைசென்ஸ் பேச்சு முறிந்துவிட்டது என்றார். கோழிக்கு அச்சு செய்வது கஷ்டம் என்றார். ஜனவரியில் பஸ் வரவில்லை. பஸ் மட்டுமல்ல, எதைக் கேட்டாலும் வராது என்றார், பெரும்பாலும் வரவில்லை. உலகத்தில் வராதவை ஜாஸ்தி, வருபவை கம்மி என்பதால், வராது என்று சொல்கிறவன் சுலபமாகத் தீர்க்கதரிசி ஆகிவிடுகிறான். ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த மன்றத்துக்கு இது தோன்றவில்லை. தமிழழகனைச் செயலாளராக இறக்கி, இவரைத் தலைவராக்கி, 'கணிப்புச் செம்மல்' என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். பேனரில் அவர் கையில் போனுடன் தொலைவில் எதையோ தீர்க்கமாகப் பார்த்தார். படம் எடுத்தபோது தொலைவில் இருந்தது அவருடைய மோட்டார் கொட்டகை.

மன்றத்தில் தீராத வழக்குகளை அடிவாரத்து முனியப்பன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்வது வழக்கமாயிற்று. ஒரு மந்தாரை இலையில் செவ்வரளி, இன்னொன்றில் வெள்ளரளி வைத்து நூல் சுற்றி, இரண்டு பொட்டலத்தையும் சாமி காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் நடக்கும், வெள்ளை வந்தால் நடக்காது. பூசாரி வேடியப்பன் அதுவரை கல்யாணத்துக்கும் கிணற்றுக்குப் போர் போடுவதற்கும்தான் சாமியைக் கேட்டிருந்தார். கோட்டையா விண்கலமா என்று கேட்கச் சொன்னபோது, இரண்டும் நிலத்தில் வரும் விஷயமா என்று மட்டும் விசாரித்துவிட்டுச் சூடம் ஏற்றினார். மன்றத்தில் குழந்தை என்று இருந்தது ஷாலினி ஒருத்திதான். செத்த பிள்ளை எடுக்கலாமா என்று யாரோ சந்தேகப்பட்டதற்கு, வயது ஏறாத பிள்ளை இன்னும் விசேஷம் என்றார் பூசாரி. பொட்டலம் கட்டுவது தலைவரின் உரிமை. வருடா வருடம் டவுன் பஸ் வருமா என்று கேட்டார்கள். வருடா வருடம் வெள்ளை வந்தது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்தால் வேறு என்ன வரும்? பிரிக்காத பொட்டலத்தைத் தனசேகரன் சட்டைப்பையில் போட்டு எடுத்துவந்து வாய்க்காலில் விட்டுவிடுவார்.

அவளுடன் படித்தவர்கள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பக்கத்து வீட்டு ரம்யா முதலில் தினமும் மாலையில் கட்டை விளையாட வந்தாள், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தாள், பிறகு வாசலில் நின்று கையசைத்தாள், பிறகு டியூஷன் அவசரத்தில் அதையும் மறந்தாள். ஷாலினி தேய ஆரம்பித்தாள். முதலில் நிழல் போயிற்று, அப்புறம் கொலுசுச் சத்தம். ஒரு ஐப்பசியில் சிவப்புக் கட்டை ஒன்று அவள் விரல்களுக்கு ஊடாக நழுவித் தரையில் விழுந்தது. அதன் பிறகு அவள் சொல்லச் சொல்லத் தனசேகரன்தான் கட்டினார். கரும்புச் சோகை கிழித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு அந்தக் குட்டிக் கட்டைகள் பிடிபடவில்லை. அதே தீயணைப்பு வண்டியை அவர் பிரித்துப் பிரித்துக் கட்ட, ஏணியை எப்போதும் தலைகீழாகச் சொருகுவதைப் பார்த்து அவள் சத்தம் இல்லாமல் சிரித்தாள். மலர்விழி ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "அவ ஒக்காந்துக்கினு இல்லீங்க. நீங்க புடிச்சி ஒக்கார வச்சிக்கினு இருக்கீங்க." வராத பஸ்ஸுக்கு நான் என்ன செய்வேன் என்றார் தனசேகரன். மலர்விழி களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

அப்புறம் ஒரு மார்கழியில் தமிழழகன் ஒரு படத்தோடு வந்தான். வெளிநாட்டுக் கிடங்கு ஒன்றில் யாரோ திருட்டுத்தனமாக எடுத்ததாம், கொஞ்சம் மங்கல். பெட்டியின் மேல் ரோஸ் முகப்பு பஸ், தொங்கும் கதவு, உற்றுப் பார்த்தால் கோழி. மன்றம் போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. தனசேகரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நிழல் தப்பு, எழுத்து தப்பு, பொய்ப் படம் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆயுளில் ஒரு கணிப்பாவது பலிக்க வேண்டும் என்ற ஏக்கத்தில் தமிழழகன் கடையில் உட்கார்ந்து தானே செய்த படம் அது. "நீங்களும் நானும் சொன்னா ஆச்சாண்ணே? சாமி சொல்லட்டும்," என்றான், தன் பக்கம் சாமியாவது இருக்கும் என்ற நம்பிக்கையில்.

எல்லோரும் அடிவாரத்துக்குப் போனார்கள். அதுவரை ஒரு வருடமும் வராத மலர்விழியும் போனாள். பொட்டலத்தை எடுக்க முடியாததால் ஷாலினி கையை நீட்டிக் காட்டினாள். வேடியப்பன் பிரித்தார். வெள்ளை. தனசேகரன் மற்றதை எடுக்கக் குனிந்தார்.

"அதையும் பிரிப்பா," என்றாள் ஷாலினி.

அவர் கை பாதியில் நின்றது. மலர்விழி குனிந்து அதை எடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதுவும் வெள்ளை. மன்றத்தின் துணைத் தலைவர்களும் இணைச் செயலாளர்களும் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். தமிழழகனும் செருப்பைத்தான் பார்த்தான். பொய்ப் படம் செய்தவனுக்குப் பொய்ப் பொட்டலம் கட்டியவனைக் கேட்க நா எழவில்லை.

"எலைக்குள்ள இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியும்பா. மொத வருசமே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் பாப்பா சொல்லல?"

"நீ அப்பதான எங்கூட பேச ஆரம்பிச்ச."

தனசேகரன் கோயில் படியில் உட்கார்ந்தார். வேடியப்பன் சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே போய் அரளிச் செடிகளில் பூப் பறித்து வந்தார். தனசேகரன் இலையை விரித்தார். எல்லோரும் பார்க்க இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினார். ஒன்றில் வெள்ளை வைப்பதுதான் முறை என்று வேடியப்பன் சொல்லவில்லை. ஷாலினி வழக்கம்போல அப்பா பக்கம் இருந்ததைக் காட்டினாள். சிவப்பு வந்தது.

அணைக்கட்டுத் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. அது பஸ் வரும் நேரம் இல்லை. முகப்பு ரோஸாக இருந்தது. கூரை முழுக்க, கட்டைகளின் மேல் இருப்பதுபோல வரிசை வரிசையாக வட்டக் குமிழ்கள், குமிழ்களுக்கு நடுவே மார்கழிப் பனி தேங்கி நின்றது. பின்படிக்கட்டுக் கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டு வந்தது. கண்டக்டரின் முகம் மஞ்சள், கை கொக்கிபோல வளைந்திருந்தது, விசில் ஊதியபோதும் அவர் சிரிப்பு மாறவில்லை. ஷாலினி படியில் கால் வைத்தாள். கால் டக்கென்று பொருந்தியது. கம்பியைப் பிடித்தாள், கம்பி அவள் கைக்கு அகப்பட்டது. அவள் எதையும் பிடித்துப் பல நாளாகியிருந்தது, அதனால் கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றாள். பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் கடைசி சீட்டில் மரவள்ளிக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மலர்விழி ஜன்னலுக்குள் கையை விட்டு அவள் முடியை ஒதுக்கிவிட்டாள். தனசேகரன் என்ன பேசுவது என்று தெரியாமல், விண்வெளி வரிசை இந்த வருடம் உறுதி என்றார்.

"அது வருதோ இல்லியோ, அடுத்த வருசம் மாடு வரும்பா," என்றாள் ஷாலினி. "கொம்பு கழட்டலாம்."

டவுன் பஸ் அடிவாரத்தில் திரும்புவதுதான் வழக்கம். அன்று திரும்பவில்லை. வெள்ளிமலைப் பக்கம் நேராக ஏறி, வளைவுக்கு வளைவு சின்னதாகிக்கொண்டே போயிற்று.

ஜனவரியில் கம்பெனி அறிவித்தது. கோட்டை இருந்தது, விண்கலம் இருந்தது, இரண்டு சினிமா இருந்தது, பஸ் இல்லை. மன்றத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நம் பகுதிக்கு அது முன்னதாகவே வந்துபோய்விட்டது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். படம் பொய் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் மன்ற வரலாற்றில் பலித்த ஒரே கணிப்பு என்று தமிழழகன் அதைப் பேனரில் போட்டான், யாரும் ஆட்சேபிக்கவில்லை. கணித்தவள் ஷாலினி என்று பெயரைப் போடச் சொன்னார் தனசேகரன். ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டான். தனசேகரன் தலைவர் பதவியை விட்டார். இப்போது யார் எதைக் கேட்டாலும் வரும் என்றுதான் சொல்கிறார், அதனால் தீர்க்கதரிசி என்ற பெயரும் போய்விட்டது. மாலையில் டிவிக்குக் கீழே இருக்கும் காலி இடத்துக்கு எதிரே உட்கார்ந்து அன்றைய வதந்திகளை வாசிக்கிறார். மலர்விழி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

அடுத்த பொங்கலுக்கு வீட்டு மாட்டைக் குளிப்பாட்டும்போது கொம்பு தனசேகரனின் கையோடு கழன்று வந்தது. அவர் மற்றதையும் திருகி எடுத்தார். இரண்டையும் மடியில் வைத்து, ஒன்றுக்கு நீலமும் ஒன்றுக்கு ரோஸும் அடித்து, வெயிலில் காயவைத்து, திரும்பச் சொருகினார். டக்கென்று பிடித்துக்கொண்டது. மலர்விழி பொங்கல் பானையிலிருந்து திரும்பிப் பார்த்து, நீலம் கொஞ்சம் கம்மியாக இருக்கிறது என்றாள். அவர் மறுபடி கழற்றினார். மாடு அசை போட்டபடி நின்றது.