காதுமிஷின் பில்லில் இரண்டு வரி

லாரிப் பட்டறையை நாற்பது வருஷம் நடத்தியவருக்குப் பில்லைப் பற்றி எவனும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரே சாமானை இரண்டு வரியில் எழுதிக் காசு பிடுங்குவது பழைய வித்தை. எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவர் அவர். அதனால்தான் மனைவிக்குக் காதுமிஷின் வாங்கப் போன இடத்தில், ஒரே பெயரும் ஒரே விலையும் அடுத்தடுத்து இரண்டு தடவை இருந்ததைப் பார்த்ததும் மண்டை சூடாகிவிட்டது.

"யாரு காதுல பூ சுத்தறே?"

பில் போடும் பெண் வாயைத் திறப்பதற்குள் காகிதத்தை வீசிவிட்டு, மனைவியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் இன்சூரன்ஸ் நகராது. அது நகராமல் மிஷின் கைக்கு வராது. வீட்டில் அவள் கேட்டபோதெல்லாம், "கம்பெனிக்காரன் இழுத்தடிக்கிறான்!" என்று அவள் காதருகே கத்தினார்.

அப்படியே இரண்டு மாதம். அதற்குள் தொலைவில் இருந்த அவள் அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டார். ஒருநாள் போன் வந்தது.

"மாப்ளே, தங்கச்சிகிட்ட குடுங்க."

"என்கிட்ட சொல்லுங்க மச்சான், நான் சொல்லிடறேன்."

"இல்ல, அவகிட்டதான் சொல்லணும்."

அவள் பத்து நிமிஷம் போனைக் காதில் அழுத்திப் பிடித்து "உம்... உம்..." என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே கேக்கலைங்க. கேக்கலன்னா வருத்தப்படுவாரேன்னு உம் கொட்டினேன். மிஷின் வந்ததும் மறுபடி கேட்டுக்கறேன்."

நாலாம் நாள் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு அவள் மிஷினைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திருடினால் திருடிக்கொள்ளட்டும் என்று அவளை அழைத்துக்கொண்டு பில் போடும் அதே ஜன்னலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு தடவை எழுதியிருக்கீங்கன்னு தெரிஞ்சேதான் போடறேன், பாத்துக்க."

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு தடவை இல்லைய்யா. பேருக்குப் பின்னாடி 'R'னு இருக்கறது வலது, 'L'னு இருக்கறது இடது. காதுக்கு ஒண்ணு."

அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்கய்யா சொல்ல விட்டீங்க?"

இன்சூரன்ஸ் நகர்ந்து மிஷின் வந்த அன்று, உள் அறையில் மிஷின் பொருத்தும் பெண் இரண்டு காதிலும் மாட்டி, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். "ஐயா, எதிர்ல உக்காந்து ஏதாவது பேசுங்க. கத்தாதீங்க, சாதாரணமா."

சாதாரணமாகப் பேசுவது அவருக்கு மறந்து வருஷங்களாயிற்று. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"கேக்குதா?"

அவள் கண் விரியச் சிரித்தாள். "கேக்குதுங்க! எவ்வளவு வயசான குரலாயிடுச்சு உங்களுக்கு!"

அந்தச் சிரிப்போடு விட்டுவிட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை.

"கம்பெனிக்காரன் இழுத்தடிக்கல. நான்தான் கையெழுத்துப் போடல. ஏமாத்தறாங்கன்னு நெனச்சேன். இல்லேன்னா ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கும்."

அவர் ஒரு சொல்லைக்கூடத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"இத எப்படிம்மா அணைக்கறது?"

விஷயம் புரியாத பெண், பொத்தானைக் காட்டினாள்.