முப்பத்தொரு கோடு

கவனம் சிதறும் பிள்ளைகளுக்காகக் கணக்கு விளையாட்டு வடிவமைப்பதுதான் சிவநேசனின் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் அலுவலகம். ஏடிஎச்டி உள்ள பிள்ளையின் கண் எத்தனை நொடியில் திரையை விட்டு ஓடும், எந்தச் சத்தத்துக்குத் திரும்பி வரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சொந்த மகள் விஷயத்தில்தான் கோட்டை விட்டான்.

மகள் விஷ்ணுப்பிரியாவுக்கும் அதே ஏடிஎச்டிதான். எட்டு வயது. கிள்ளானில் அம்மா உஷாராணியோடு இருக்கிறாள். பெற்றவர்கள் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிறு பத்து மணியிலிருந்து நாலு மணி வரை மட்டும் அவள் சிவநேசனுக்கு. வாரத்துக்கு ஆறு மணி நேரம் அப்பாவாக இருக்கக் கிடைத்தவன் என்ன செய்ய வேண்டும்? நம்ம மகாராசன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினான்.

"அவளோட இருங்க. அவள வெச்சு வேலை பாக்காதீங்க," என்றாள் உஷாராணி.

"வேலை இல்ல உஷா. கேம்தான்லா."

பரிசோதனைக்கு ஒரு விதி உண்டு. விளையாட்டைச் செய்தவன் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் வாய் திறக்கக்கூடாது, முகத்தில் எதையும் காட்டக்கூடாது. பிள்ளையின் பார்வை திரையை விட்டு விலகும் ஒவ்வொரு தடவையும் தாளில் ஒரு கோடு போட வேண்டும். பெற்ற மகளிடமும் இந்த விதியைக் கறாராகக் கடைப்பிடித்தான். முதல் ஞாயிறு முப்பத்தொரு கோடு விழுந்தது.

"என்னப்பா எழுதுறீங்க?"

"நீ வேற எங்கயாச்சும் பாத்தா ஒரு கோடு. கோடு கொறையணும்மா. ஒண்ணுமே இல்லாம கோசோங் ஆச்சுன்னா ரொம்ப நல்லது."

அவள் ஒவ்வொரு கோட்டையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் முப்பத்தொன்று இருபதாகி, பன்னிரண்டாகி, ஐந்தில் வந்து நின்றது. சிவநேசனுக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மூத்தவர் கமலநாதனைக் கூப்பிட்டு, டேப்லெட் பதிவு செய்திருந்த முதல் நாள் வீடியோவைப் போட்டுக் காட்டினான்.

கமலநாதன் பாதியிலேயே நிறுத்தினார். "சிவா, இது கவனம் செதர்றது இல்லலா. புள்ள உன் மூஞ்சியத்தான் பாக்குது. சரியா போட்டாலும் பாக்குது, தப்பா போட்டாலும் பாக்குது."

சிவநேசன் மறுபடி ஓட்டிப் பார்த்தான். முப்பத்தொரு தடவையும் அப்படித்தான். திரும்புகிறாள், சிரிக்கிறாள், கொஞ்சம் காத்திருக்கிறாள், வீடியோவின் ஓரத்தில் தெரிந்த அவனுடைய சிமெண்டு முகத்திலிருந்து ஒன்றும் வராமல் திரும்பிக்கொள்கிறாள். பாவி, இதையா எண்ணினோம் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு கிள்ளானுக்குப் போனான். விஷ்ணுப்பிரியா அம்மாவின் போனில் அவன் முன்பே ஏற்றிக் கொடுத்திருந்த அதே விளையாட்டைத் திறந்து வைத்து, மேசையில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம்மா. இன்னைக்கு நம்ம சும்மா பேசிக்கிட்டு இருப்போம்."

"இருங்கப்பா. வீட்லயே பழகி வெச்சிருக்கேன்."

அவள் ஆட ஆரம்பித்தாள். மேசைக்கடியில் கால் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கழுத்து மட்டும் அசையவில்லை. ஒவ்வொரு விடைக்கும் சிவநேசன் கை தட்டினான், சிரித்தான், "சபாஷ்டா" என்றான்.

"பிரியா, அப்பாவ ஒரு தடவ பாரும்மா."

அவள் பார்க்கவில்லை. இருபது கணக்கையும் முடித்த பிறகும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு கோடுகூட இல்லப்பா," என்றாள் பெருமையாக. "கோசோங்னு எழுதிக்குங்க."