கடிகாரங்கள் நின்ற மதியம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் ஆஸ்பத்திரிக்கு வரும் நாய்களுக்குக்கூடத் தெரியும். அன்று அதைக் கிளறிவிட்டவர் கடிகாரக் கடைக்காரர். தன் சாம்பல்நிறப் பூனையை மேஜைமேல் இறக்கிவிட்டு, "நாளைக்கு முதலாளிக்குப் பல்லு எடுக்க வேண்டாம், டாக்டரம்மா" என்றார். முதலாளி என்பது பூனைதான். கடையிலிருக்கும் ஒரே நல்ல நாற்காலி அதற்கு, இவருக்கு முக்காலி.

"பல்லு அழுகிப்போச்சு. விட்டா சாப்பிடவே முடியாது."

"மயக்க ஊசி போட்டா திரும்ப எழுந்திருக்குமான்னு பயமா இருக்கு. அது நெஞ்சுல ரெண்டு தட்டோட மூணாவதா ஒண்ணு தட்டுது."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். பூனை குர்ரென்று ஓயாமல் உறுமியது. சுகத்தில் மட்டுமல்ல, பயத்திலும் பூனைகள் அப்படி உறுமும்; பக்கத்துக் குழாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தத்தில் பல பூனைகள் அடங்கிவிடும். திறந்தேன். முதலாளி அசரவில்லை. உறுமலுக்கு அடியில் இதயம் ஒழுங்காகத்தான் துடிப்பது போலிருந்தது.

"எனக்கு அப்படி எதுவும் கேக்கல. இதைக் காதுல மாட்டிப் பதினாறு வருஷமாச்சு, அண்ணே."

அவர் சண்டைக்கு வரவில்லை. "இங்க கேக்காது. மதியம் என் நெஞ்சுமேல தூங்கும்போதுதான் வாயை மூடும். ஒரே ஒரு தடவை வந்து கேளுங்க. அப்புறமும் எடுக்கலாம்னா, நீங்க சொன்னபடி."

அந்தக் கடைசி இரண்டு சொற்கள் என்னை உறுத்தின. தன் காதைவிட என் வாய்ச்சொல்லைப் பெரிதாக வைத்திருந்தார் மனிதர். பதிலுக்கு நான் செய்ததெல்லாம் குழாயைத் திறந்துவிட்டதுதான்.

மதியம் போனேன். நீண்ட, குறுகலான கடை. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்தன. பெண்டுலங்களில் பட்ட வெயில் தரையில் ஊஞ்சலாடியது. நல்ல நாற்காலியில் அவர் சாய்ந்திருக்க, அவர் நெஞ்சின்மேல் முதலாளி சுருண்டு தூங்கியது. மண்டியிட்டுக் கேட்டேன். டிக் டிக் சத்தம்தான் காதை அடைத்தது.

"எல்லாத்தையும் நிறுத்திடுங்க. பெண்டுலத்தை விரலால தொட்டா போதும்" என்று கிசுகிசுத்தார்.

தன் கடிகாரங்களை யாரையும் தொடவிடாதவர் அவர். நான் ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒவ்வொன்றும் அடங்க அடங்க அறை தண்ணீருக்குள் இறங்குவது போலிருந்தது. தெருகூட எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது. தரையில் வெயில் ஆடாமல் நின்றது. மறுபடி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன்.

லப்-டப். கூடவே, மெல்ல, இன்னொரு தட்டு.

ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். நாளைக்கு இதே கையால் மயக்க ஊசி போட்டிருப்பேன்.

"இருக்கு, அண்ணே. நீங்க சொன்னதுதான் சரி. நான் உங்க பேச்சைக் காதுலயே வாங்கல. மன்னிச்சிடுங்க."

அவர் பூனையின் முதுகைத் தடவினார். "இப்ப என்ன செய்யலாம்? நீங்க சொல்லுங்க."

"முதல்ல இதயத்தை ஸ்கேன் பண்ணுவோம். மாத்திரை கொடுப்போம். பல்லு அப்புறம்."

"இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?"

"தெரியல, அண்ணே."

அவர் கண் கலங்கியது. "நல்லவேளை, வாய்க்கு வந்ததைச் சொல்லாம இருந்தீங்க. இனி எதுன்னாலும் உங்ககிட்டத்தான் வருவேன்."

நான் எழுந்து, "பெண்டுலத்தையெல்லாம் ஆட்டிவிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். முதலாளி எழுந்திருக்கட்டும்."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.